பூசணி மஞ்சள்கரு

"இந்தத் தட்டு யாருக்கு?" என்று நான் கேட்பதும், எடுத்துப் போகிறவர் வாய்விட்டுப் பதில் சொல்லும்வரை தட்டிலிருந்து கையை எடுக்காமல் நிற்பதும் இந்த அடுப்படிப் பிள்ளைகளான உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வாரம் உங்களில் ஒருத்தி என் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்ட, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும் பார்த்தேன். குரல் நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதக் கடைசியோடு நான் இந்தப் பிரிஞ்சாங் ஓட்டல் அடுப்பை விட்டு ஈப்போவுக்கு இறங்குகிறேன். அங்கே சமையல் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர். அப்பா ஃபாக்டரியில் இலை அரைக்கும் மெஷினோடு நின்றவர். அவர்கள் இருவரும் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இடைநிலைப் பள்ளியின் கடைசிப் படியான ஐந்தாம் படிவம்வரை போனேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. யாராவது கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

எழுபதுகளின் கடைசியில் எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன். ஈப்போவில் ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் பழகிவிட்டு வந்திருந்ததால், தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்த பெண்ணாக இருந்தாலும் பாத்திரம் கழுவப் போகாமல் நேராக அடுப்புக்கே போனேன். எஸ்டேட் மேனேஜர் வெள்ளைக்காரத் துரை. சத்தம் போடுகிற மனிதர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே என் கையில் இருக்கும் கரண்டி தானாக வேகமாகச் சுற்றும். அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் துரைசானி என்போம். அவர் மெதுவாகப் பேசுவார். மேசையில் பரிமாறுவதற்கு ஒரு பட்லர் இருந்தார். பெயர் அந்தோணி. எங்கள் லயத்தில் மாதா கோவிலுக்குப் போகும் நாலைந்து குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு விட்டால் அவர் ஒரு சின்னத் துரை. என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். படித்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள் என்று குத்திக்காட்டுவதற்காக.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அது நடந்தது. மழைக்கால மத்தியானம். பேன்ட்ரியில், அதாவது சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே பாத்திரங்கள் வைக்கும் சிறிய அறையில், துரை கூப்பிட அடிக்கும் மணி ஒன்று உண்டு. அது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், துரை தன் அறையில் தரையில் முழங்காலை மடக்கிக் கிடக்கிறார். ஒரு கை மட்டும் மேலே மணிக்கயிற்றைப் பிடித்திருக்கிறது. துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சத்தம் போடுகிற மனிதரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அவரை லேண்ட்ரோவரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தாப்பா ரோட்டில் இறங்கினார்கள். அந்த ரோட்டை நீங்களும் அறிவீர்கள். ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்து வழி அடைத்துவிட்டது. மண்ணை அள்ளி ஒரு வண்டி போகிற அளவு வழி விடும்வரை அவரைப் பின்சீட்டில் கிடத்திக்கொண்டு மழையில் காத்திருந்தார்கள். "தொரை மூஞ்சி மெழுகு மாதிரி ஆயிருச்சு, நான் செத்துட்டாருன்னே நெனைச்சேன்" என்று டிரைவர் பிறகு லயத்தில் சொன்னார்.

பித்தப்பையில் கல். முதல் நாள் விருந்தில் சாப்பிட்ட வெண்ணெயும் கொழுப்பும் அதைக் கிளப்பிவிட்டதாம். பக்கத்திலிருக்கும் கணையமும் வீங்கிவிட்டிருந்தது. வீக்கம் முழுவதும் வற்றியபிறகுதான் ஆபரேஷன். அதுவரை வெண்ணெய், எண்ணெய், மஞ்சள்கரு எதுவும் வாயில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த தடவை இப்படி வந்து ரோடும் அடைத்திருந்தால் எங்களைக் குறை சொல்லாதீர்கள் என்றும் மருத்துவர் சொன்னாராம்.

இதை எனக்குச் சொன்னவர் துரைசானி. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை அந்த வீட்டில் அப்படியே புரிந்துகொள்ளக் கூடிய வேலைக்காரி நான் ஒருத்திதான். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றார். கம்பெனி அப்போது வெள்ளைக்காரர்களை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். நோயாளி என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். லயத்திலும் பங்களாவிலும், 'வயிற்றில் ஏதோ சூடு, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள்' என்று மட்டுமே சொல்லியிருந்தார்கள்.

"அந்தோணிக்குக்கூடவா, மேடம்?" என்று கேட்டேன்.

"அந்தோணிக்குத்தான் முக்கியமாகத் தெரியக்கூடாது. இந்த மலையில் உள்ள எல்லா பட்லரும் அவனுக்கு மச்சான்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவராகவே சொன்னார். "இந்தா பாரு, தொரை ஒடம்பு சரியில்லாம இருக்காரு. அவருக்கு ஒண்ணுன்னா மொதல்ல ஒன் கையத்தான் பாப்பாங்க. போலிசு வந்தாலும் 'என்னா சமைச்ச?'ன்னுதான் கேப்பான். பாத்து நடந்துக்க." 

இனி அந்த முட்டை. ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் சேர்ந்த மாதிரி ஒரு வேளை அந்தப் பங்களாவில் உண்டு. அதில் எக்ஸ் பெனடிக்ட் இல்லாமல் இருக்காது. நீங்கள் இங்கே வாரம் தவறாமல் செய்கிற அதேதான்: வாட்டிய வட்ட ரொட்டி, மேலே ஒரு இறைச்சித் துண்டு, அதன்மேல் கொதிநீரில் உடைத்துவிட்ட முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள்கருவையும் வெண்ணெயையும் அடித்துச் செய்த ஹாலண்டேஸ் சாஸ். அவருக்குக் கூடாது என்ற எல்லாமும் ஒரே தட்டில். துரை மேசையில் அந்த முட்டை இல்லையென்றால் துரைக்கு ஏதோ சரியில்லை என்று விருந்தாளிகள் புரிந்துகொள்வார்கள். அதனால் அது இருக்க வேண்டும். ஆனால் அதுவாக இருக்கக்கூடாது.

எப்படிச் செய்தேன் என்று அளவோடு சொல்ல மாட்டேன். அதை நீங்களே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தால்தான் கையில் நிற்கும். சுருக்கமாக: ஃபாக்டரியில் தேநீர் ருசி பார்க்கும் காதில்லாத வெள்ளைக் கிண்ணம் ஒன்றை வாங்கி வந்தேன். அதில் வெள்ளைக்கருவைப் பாதி ஊற்றி, வேகவைத்து மசித்த பூசணியை நடுவில் வைத்து, மீதி வெள்ளைக்கருவால் மூடி, இட்லிப் பானையில் ஆவியில் வைத்தேன். கவிழ்த்தால் முட்டை; வெட்டினால் மஞ்சள். சாஸுக்குத் தயிர். இந்தக் குளிரில் தயிர் எங்கே உறைகிறது? அம்மா லயத்து அடுப்பு மேட்டில் சாக்குச் சுற்றி வைத்து உறையவைத்துக் கொடுத்தார். அதைத் துணியில் வடிகட்டி, பூசணியும் கடுகுப் பொடியும் எலுமிச்சையும் சேர்த்தேன். முதல் தடவை துரை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னா இது, பாயசமா?" என்று கத்தியது பேன்ட்ரிவரை கேட்டது. அடுத்தடுத்த தடவைகளில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதே பெரிய விஷயம். எனக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? உலகத்தில் வேறு எவரும் செய்யாததை நான் செய்துவிட்டேன் என்று தேயிலைச் செடிகளிடம்கூடச் சொல்லிக்கொண்டு போனேன்.

ஆனால் அந்தோணி அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னா டீச்சரம்மா, இன்னைக்கும் தொரைக்குத் தயிர்த் தண்ணிதானா?"

"அவரு கேட்டதுதாண்ணே."

"அவரு எங்க கேட்டாரு? நீ படிச்சவ, தஸ்ஸு புஸ்ஸுன்னு ஏதோ சொல்ற, மனுசன் தலையாட்டுறாரு. எப்படி எளைச்சுட்டாரு பாத்தியா? சட்டைய ஆணியில மாட்டுன மாதிரி இருக்கு லா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தவன எங்க லயத்துல எப்படித் தேத்துவோம்? நீயும் அங்கதானே பொறந்த?"

நானும் அங்கேதான் பிறந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் விடிந்ததும் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். பச்சை முட்டையில் நல்லெண்ணெய் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு குடி என்பார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டபோதும் அப்படித்தான் குடித்தேன். இளைத்த உடம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எங்கள் ஆட்களால் முடியாத காரியம். அந்தோணி அண்ணன் அதே மனதோடுதான் என்னைத் திட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். துரைசானி சொல்லாதே என்று சொல்லியிருந்தார்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காகக் கோலாலம்பூரிலிருந்து கம்பெனி ஆட்கள் இருவர் சனிக்கிழமை காலையிலேயே வந்து தங்கியிருந்தார்கள். ஒருவர் டத்தோ என்ற பட்டம் வாங்கிய மலாய்க்காரர். மற்றவர் அவரோடு எஸ்டேட் எஸ்டேட்டாகச் சுற்றும் சீன அதிகாரி. ரிங்லெட் பக்கம் கம்பெனி புதிதாக ஒரு விருந்தினர் மாளிகை திறக்கப் போவதாகவும், அதன் சமையலறைக்கு என்னைப் பற்றித் துரைசானி சொல்லி வைத்திருப்பதாகவும் எனக்குத் தெரியும். துரைசானி ஆபரேஷனுக்கு நாள் குறிக்க ஈப்போ போயிருந்தார். முதல் நாள் சாயந்திரம் போன் வந்தது. ரிங்லெட்டுக்குக் கீழே மறுபடியும் மண் சரிந்துவிட்டதாம், ரோடு மூடிவிட்டதாம், அவரால் ஏறி வர முடியாதாம். "நீ மட்டும்தான் இருக்கிறாய். கவனம்" என்றார். அதற்குப் பிறகு மழையில் போன் லைனும் செத்தது.

யோசித்துப் பாருங்கள். கீழே போக வழி இல்லை. மேலே மருத்துவர் வர வழி இல்லை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் காய்ச்சல் மாத்திரையும் அயோடினும் உண்டு.

விருந்தாளிகளுக்கு இரண்டு தட்டு உண்மையான முட்டை. துரைக்குப் பூசணி முட்டை ஒரு தட்டு. டத்தோ முஸ்லிம் என்பதால் மூன்றிலும் பன்றிக்குப் பதில் கோழித் துண்டுதான். முட்டை உடைந்துபோனால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று உண்மையான முட்டையில் நான்காவதாக ஒன்றும் செய்து ஓரமாக மூடி வைத்தேன். மூன்று தட்டுகளையும் பேன்ட்ரி மேடையில் வைத்துவிட்டு, "வலது பக்கம் இருக்கறது தொரைக்குண்ணே" என்றேன். நான்காவது தட்டும் அதே மேடையில்தான் இருந்தது. சொல்லிவிட்டு அடுப்பைத் தணிக்கத் திரும்பினேன்.

அந்தோணி அண்ணன் மூன்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கை கழுவினேன். சட்டியைத் தண்ணீரில் போட்டேன். பிறகு பேன்ட்ரிக்குள் வந்து, நான்காவது தட்டை எடுத்து வைக்கலாம் என்று மூடியைத் தூக்கினேன்.

மூடிக்குக் கீழே பூசணி முட்டை இருந்தது.

கிண்ணத்தில் வெந்த முட்டை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உருண்டையாக, ஓரமெல்லாம் மழமழவென்று, கொதிநீரில் விட்ட முட்டைக்கு இருக்கும் வால் இல்லாமல், என் சொந்தக் கையால் செய்த முட்டை. இங்கே இருக்கிறது. அப்படியென்றால் அங்கே?

அந்தோணி அண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, தொரைக்கு எந்தத் தட்டு வெச்சீங்க?"

"நல்ல தட்டு. வந்தவனுங்க வெண்ணெய் தின்பானுங்க, வீட்டுக்காரரு தயிர் நக்கணுமா? மேசைக்குப் பெரியவரு அவருதான். மூடி வெச்சிருந்தியே, அதை எடுத்து வெச்சேன். வெட்டுனதும் மஞ்சக்கரு ஓடுச்சு பாரு, தொரை மூஞ்சியில அப்பிடி ஒரு சந்தோசம்…"

அவர் இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நிற்காமல் அடித்த அந்த மணிதான் காதில் கேட்டது.

சாப்பாட்டு அறைக்குள் சமையலறை ஆட்கள் போகக்கூடாது. அது யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத சட்டம். பட்லர் மட்டும்தான் போவார், அதுவும் கோட்டோடு. லயத்துப் பெண் ஒருத்தி துரை சாப்பிடும்போது அந்தக் கதவைத் தாண்டியதாக அந்த எஸ்டேட்டில் கதை கிடையாது. நான் பூசணித் தட்டைக் கையில் எடுத்தேன். ரப்பர் சிலிப்பர் ஈரமாக இருந்தது, அதைக் கழற்றிவிட்டேன். கதவைத் தள்ளினேன்.

பலகைத் தரை காலுக்குக் கீழே பனிக்கட்டி மாதிரி இருந்தது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். துரையின் தட்டில் மஞ்சள்கரு ஓடி, வெண்ணெய் சாஸோடு கலந்திருந்தது. ஒரு வாய் போய்விட்டது. இரண்டாவது வாய் முள்கரண்டியில் இருந்தது.

"என்னா வேணும்?" என்றார் துரை. தோட்டத்தில் எங்களோடு பேசும் தமிழ்.

உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அவர் மறைத்ததெல்லாம் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். பேசாமல் திரும்பவும் முடியாது.

"ஐயா, அந்தத் தட்டைக் குடுத்துருங்க. அந்த முட்டை கெட்டுப்போச்சு. இதைச் சாப்புடுங்க."

துரை என் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. வெட்டிய கணத்திலேயே புரிந்திருக்கும். பல வாரமாகத் தயிரும் பூசணியும் தின்ற மனிதர். வெண்ணெய் நாக்கில் பட்டுவிட்டது.

"நல்லா இருக்கு. நீ போ" என்றார்.

நான் போகவில்லை.

"போன்னு சொன்னேன்ல?"

 பூசணித் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையைப் பார்த்தபோது எனக்கு ரோடு ஞாபகம் வந்தது. கையை நீட்டினேன். துரையின் முன்னால் இருந்த தட்டை, அவர் கரண்டி அதன்மேல் இருக்கும்போதே, இழுத்து எடுத்தேன். பூசணித் தட்டை அங்கே வைத்தேன்.

 டத்தோ மெதுவாகத் தன் கரண்டியைக் கீழே வைத்தார். எங்கள் முட்டையும் கெட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, அந்த ஒன்று மட்டும்தான் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லாம் ஒரே கூடையிலிருந்துதானே வந்திருக்கும், அது மட்டும் கெட்டது என்று உனக்கு எப்படித் தெரியும் என்றார் சீன அதிகாரி. நியாயமான கேள்வி.  வாய் தானாகச் சொன்னது:

"உங்களுடையவை பிரிஞ்சாங்கில் வாங்கிய முட்டைகள், சார். ஒன்று குறைந்தது. அதனால் எங்கள் வீட்டுக் கோழி முட்டை ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அதுதான் கெட்டது."

துரை மேசைக்கு லயத்து முட்டை. அதுவும் கெட்ட முட்டை. அதிகாரி டத்தோவைப் பார்த்தார். டத்தோ தட்டை ஓர் அங்குலம் தள்ளி வைத்தார். அந்த ஓர் அங்குலத்திலேயே விருந்தினர் மாளிகைச் சமையலறை எனக்குப் போய்விட்டது என்று தெரிந்தது. படித்த பெண் என்று தலை நிமிர்த்தி நடந்தவள், என் அம்மா தவிடு வைத்து வளர்த்த கோழியையும் சேர்த்து அந்த அறையில் கேவலப்படுத்திவிட்டு நின்றேன்.

துரை குனிந்து பூசணி முட்டையை வெட்டினார். சாப்பிட ஆரம்பித்தார்.

பேன்ட்ரிக்கு வந்ததும் அந்தோணி அண்ணன் என் தோளைப் பிடித்தார். "ஒனக்குப் பைத்தியமா? தொரை தட்டுலயே கை வெக்கிற? நாளைக்கு ஒங்கப்பன் ஃபாக்டரி வாசப்படி மிதிக்க முடியுமா?"

நான் சொன்னேன். கல், வெண்ணெய், மஞ்சள்கரு, மருத்துவர் சொன்னது, அன்றைக்கு மணி ஏன் நிற்காமல் அடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாதே என்று எனக்குச் சொல்லியிருந்தது உண்மை. ஆனால் தட்டைச் சுமந்து போகிறவருக்குத் தெரியாத ரகசியத்தைச் சமைக்கிறவள் மட்டும் வைத்துக்கொண்டு என்ன காப்பாற்ற முடியும்?

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். மாவு டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "மாதாவே" என்றார். பிறகு மெதுவாக, "தங்கச்சி… நேத்துச் சாயந்திரம் டீயோட ரொட்டி குடுத்தேன். வெண்ணெய் கொஞ்சம் தூக்கலாத்தான் தடவுனேன். ஒண்ணும் சொல்லாம சாப்புட்டாரு" என்றார். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நேற்று வெண்ணெய் ரொட்டி. இன்றைக்கு ஒரு வாய் முட்டை.

விருந்தாளிகள் குடை பிடித்துக்கொண்டு ஃபாக்டரி பார்க்கப் போனார்கள். துரை தலைவலி என்று சொல்லி அறைக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் பேன்ட்ரியில் அந்த மணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். பாத்திரம் கழுவவில்லை, கழுவினால் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று பயம். அந்தோணி அண்ணனின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி ஏறி வந்து, முதலில் ஃபாக்டரிக் கூரையை மறைத்தது, அப்புறம் லயத்தை மறைத்தது, கடைசியில் முற்றத்தில் நின்ற லேண்ட்ரோவரையும் மறைத்துவிட்டது.

"டிரைவரக் கூப்புட்டு வண்டிய ரெடியா வெச்சிருக்கச் சொல்லவா?" என்றார்.

"எங்கண்ணே போறது? ரோடுதான் இல்லையே."

அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்போது மணி அடித்தது.

இருவரும் எழவில்லை. அது நிற்கிறதா, அடித்துக்கொண்டே இருக்கிறதா என்று கேட்டோம். ஒரு தடவை அடித்தது. நின்றது. நின்ற பிறகும் நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். கயிற்றை இழுத்த கை அப்படியே கீழே விழுந்திருந்தால்?

"நீயும் வா" என்றார் அந்தோணி அண்ணன்.

துரை சோஃபாவில் சாய்ந்திருந்தார். ஒரு கை வயிற்றின் வலப்பக்கம் இருந்தது. நெற்றி ஈரமாக இருந்தது. கண் மூடியிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து முதலில் அந்தோணி அண்ணனைப் பார்த்தார்.

"பால் இல்லாம டீ."

"சரிங்க தொரை."

பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பூசணி ரொம்பக் கெட்டி" என்றார். "முட்டைன்னா மஞ்சள் ஓடணும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஓடணும். தெரியுதா?"

"தெரியுதுங்க ஐயா."

"வலி வந்துச்சு. கொஞ்சம். இப்ப போயிருச்சு. மேடம்கிட்டச் சொல்லாதே."

சமையலறைக்கு வந்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தோணி அண்ணன் டீ போட்டார். பால் ஜாடியை எடுத்து, மூடி, அலமாரிக்கு மேல் தட்டில் கை எட்டாத இடத்தில் வைத்தார். தட்டோடு கதவுக்குப் போனவர் திரும்பி என்னைப் பார்த்து, "டீ, பால் இல்லாம, தொரைக்கு" என்று உரக்கச் சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆமான்னு சொல்லு தங்கச்சி. நீ சொன்னாத்தான் போவேன்" என்றார். நீங்கள் கேலி செய்கிற பழக்கம் அந்த டீயில் ஆரம்பித்தது.

விருந்தினர் மாளிகைக்கு வேறு ஆளை எடுத்தார்கள். கெட்ட முட்டையைத் தட்டில் வைக்கும்வரை கண்டுபிடிக்கத் தெரியாத பெண் என்று டத்தோ சொன்னதாகக் கணக்கெழுதுகிறவர்கள் இருக்கும் கிராணி ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அது லயத்துக்கும் வந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ அம்மாவிடம், "ஒங்க கோழி தொரையவே கொல்லப் பாத்துச்சாமே?" என்று கேட்டார்களாம். அம்மா வீட்டுக்கு வந்து நேராகப் பின்பக்கம் போனார். கோழிக்கூட்டைக் கழுவிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தொழிலில் உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். நல்ல முட்டையைக் கெட்டது என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரோடு வீட்டுக்கு நடக்க வேண்டிய நாள். அன்றைக்குத் தட்டை இழுப்பதா வேண்டாமா என்று யோசிக்க நேரம் இருக்காது. உங்களுக்குப் பயமாக இருக்கும். இருக்கட்டும். பயந்த கையாலும் தட்டை இழுக்க முடியும்.

துரைக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. கம்பெனி விஷயம் தெரிந்துகொள்வதற்குள் அவர் திரும்பி வந்து தோட்டத்தில் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். உடம்பு முழுதாகத் தேறி, எல்லாம் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னபிறகு வந்த முதல் சனிக்கிழமை காலை. பெரட்டு நேரம், அதாவது ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் நேரம். கங்காணிமார்களும் கொழுந்துக் கூடையோடு பெண்களும் வரிசையாக நிற்கிறார்கள். நான் பங்களாவுக்குப் போகிற வழியில் அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். துரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் வரிசையில் நின்றார்.

"நாளைக்கு முட்டை வேணும். நெஜ முட்டை. வெண்ணெய் சாஸ்" என்றார் துரை, மலை முழுவதும் கேட்கிற குரலில். "பிரிஞ்சாங்கில வாங்காதே. ஒங்க அம்மா கோழி முட்டை கொண்டா. அதுதான் நல்ல முட்டை."

மறுநாள் காலை கூட்டிலிருந்து எடுத்த முட்டைகளை அம்மா தன் முந்தானையில் ஒவ்வொன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தேயிலைத் தூள் நிரப்பிய டின்னில் வைத்துக் கொடுத்தார். நான் செய்தேன். பேன்ட்ரியில் தட்டை நீட்டினேன்.

"இந்தத் தட்டு யாருக்குண்ணே?"

"தொரைக்கு" என்றார் அந்தோணி அண்ணன். ஆனால் தட்டை வாங்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "நீயே கொண்டு போ, டீச்சரம்மா."